வால்கெரன் தீவு, 1944 முதல் 1953 வரை: உடைத்த கடலணை, உப்பேறிய வயல், திரும்பி வந்த குடும்பங்கள்

இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து ஐந்து ஆண்டுகள் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. அதிலிருந்து மீண்ட மக்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேற்குப் பகுதி நகரங்களின் பஞ்சக் குளிர்காலத்தையே சொல்வார்கள். இந்த ஆய்வு தென்மேற்கு மூலையில் ஸீலாந்து மாகாணத்தில் இருக்கும் வால்கெரனைப் பற்றியது. அங்கே விடுதலையும் வெள்ளமும் ஒன்றாகவே வந்தன. அணையை உடைத்துக் கடலை உள்ளே விட்டவர்கள், விடுவிக்க வந்த படைகள்தான்.

கரை எப்படி அடைபட்டது, மண் எப்படித் தேறியது, ஊர்க்காரர்களின் பேச்சு எங்கே எடுபட்டது, எங்கே எடுபடவில்லை என்று காலவரிசையில் பார்க்கலாம். ஆட்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வெள்ளமோ கடல்நீரோ புகுந்த ஊரில் விவசாயத்தை மறுபடி நிறுத்தும் வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

வால்கெரனின் ஓரம் முழுக்க மணல்மேடும் கடலணையும். நடுப்பகுதி தாழ்வு, பல இடங்கள் கடலின் உயர்மட்டத்துக்குக் கீழே. தாழ்விலும் மேடு பள்ளம் உண்டு. பழைய ஓடைகள் ஓடிய தடத்தில் மணல் படிந்து மேடாகி நிற்கிறது, அதற்கு இடைப்பட்ட களிமண் நிலம் அமுங்கிக் கிடக்கிறது. ஊர்களும் சாலைகளும் பெரும்பாலும் அந்த மேடுகளைப் பிடித்துக்கொண்டே அமைந்தவை. இரண்டுக்கும் உயர வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் வெள்ளம் வந்தபோது எந்த வீடு தப்பியது என்பதை அந்தச் சிறு வித்தியாசம்தான் தீர்மானித்தது.

சிறு துண்டு வயல்கள், அவற்றைச் சுற்றி முள்வேலிச் செடிகள், பழத்தோட்டங்கள், பால் மாடுகள். 'ஸீலாந்தின் தோட்டம்' என்றே தீவுக்குப் பெயர் இருந்தது. மேற்கு முனையில் வெஸ்ட்கபெல்லெ என்ற ஊர். கடலணையைக் காப்பதுதான் அந்த ஊராரின் தொழில், அதுவும் தலைமுறை தலைமுறையாக. தலைநகர் மிடல்பர்க் 1940 மே 17 அன்று எரிந்தது. அப்போது தொடங்கியது தீவின் போர்க்காலம்.

1944 செப்டம்பர் 4 அன்று பிரிட்டிஷ் படைகள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடித்தன. துறைமுகம் சேதமில்லாமல் கிடைத்தும் பயனில்லை. கடலிலிருந்து அங்கே போகும் வழி ஸ்கெல்ட் ஆற்றின் அகன்ற முகத்துவாரம். அதன் வடகரையில் வால்கெரன், அங்கே ஜெர்மன் பீரங்கிகள். தீவைப் பிடிக்காமல் ஒரு சரக்குக் கப்பலையும் உள்ளே கொண்டுவர முடியாது. கடலணையை வான்குண்டால் உடைத்துத் தீவை நீரில் மூழ்கடிக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் ஒரு கனடிய தளபதி. மேலிடம் அதை ஏற்றது.

அணை உடைந்த நாள்

அக்டோபர் 2 அன்று விமானங்கள் துண்டுப்பிரசுரம் வீசின. வெளியேறச் சொன்னார்கள். எந்த அணை, எந்த நாள் என்று அதில் இல்லை. போக இடமும் இல்லை: ஆக்கிரமித்த படை தீவில் இருக்கிறது, சுற்றிலும் போர், கையில் மாடு கன்று, படுக்கையில் முதியவர்கள். பலர் வீட்டிலேயே இருந்தார்கள்.

மறுநாள் பகலில் சுமார் 250 விமானங்கள் வெஸ்ட்கபெல்லெ அணையைத் தாக்கின. அணையை ஒட்டியே ஊர். 150க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 40க்கும் அதிகமானவர்கள் ஒரு காற்றாலையில் அடைக்கலம் புகுந்தவர்கள். குண்டில் வழி அடைபட்டுப்போக, ஏறிவந்த கடல்நீரில் அவர்கள் மூழ்கிப்போனார்கள். தலைமுறையாக அந்த அணையைக் காத்த ஊர் அது. இந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை முறை படித்தாலும் தாண்டிப்போக முடிவதில்லை.

அடுத்த சில நாட்களில் ஃப்ளிஸிங்கன் நகருக்குப் பக்கத்தில் நொல்லெ, ராமெக்கன்ஸ் என்ற இரண்டு இடங்களிலும், வடகிழக்கில் ஃபேரெ ஊரருகிலும் அணைகள் உடைக்கப்பட்டன. மொத்தம் நான்கு உடைப்புகள். நவம்பர் 1 அன்று படைகள் தரையிறங்கின, 8ஆம் தேதி சண்டை ஓய்ந்தது. நவம்பர் 28 அன்று முதல் கப்பல் தொகுதி ஆண்ட்வெர்ப் சேர்ந்தது. போர்க்கணக்கில் விஷயம் அதோடு முடிந்துவிட்டது. தீவுக்காரர்களுக்கு அப்போதுதான் ஆரம்பம்.

தண்ணீரோடு கழிந்த ஓராண்டு: கண்டவை

ஃப்ளிஸிங்கனில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 4 மீட்டர் வித்தியாசம். அந்த நீர் நாளுக்கு இரண்டு தடவை நான்கு உடைப்புகள் வழியே உள்ளே வந்து வெளியே போனது. சுமார் 16,000 ஹெக்டேர், அதாவது தீவின் மிகப் பெரும்பகுதி, இப்படிக் கடலாகிவிட்டது. ஆற்றுவெள்ளம் என்றால் ஒருமுறை வந்து வடிந்துவிடும். இதுவோ ஒவ்வொரு நாளும் உடைப்பை இன்னும் அகலமாக்கி, உட்புறத்தில் ஆழமான ஓடைகளை அறுத்துக்கொண்டே போனது. தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அடைக்க வேண்டிய வாயும் பெரிதானது. பின்னால் வந்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை இதுதான்.

மிடல்பர்க் நடுப்பகுதி மேட்டில் இருந்ததால் தப்பியது. சுற்றுவட்டாரத்தார் அங்கே குவிந்து மக்கள்தொகை ஏறத்தாழ இருமடங்கானது. கணிசமானவர்கள் கிழக்கே தெற்கு பெவலண்ட் பக்கம் போனார்கள், தப்பிய மாடுகளையும் படகுகளில் ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பினார்கள். வீட்டை விட்டுப் போக மனமில்லாதவர்கள் மாடியிலும் பரணிலும் வாழ்ந்தார்கள். ஏற்றத்தின்போது கீழறையில் கடல் நிற்கும். வற்றத்தில் சேறு தெரியும், அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அவசர வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும். கிணறுகள் எல்லாம் உப்பு.

1945 வசந்தத்தில் மரங்கள் துளிர்க்கவில்லை. தண்ணீர் நின்ற இடமெங்கும் ஆப்பிள் மரம், எல்ம் மரம், வேலி முட்செடி என எல்லாமே செத்துப்போயிருந்தன. செத்த வேலிகளின் கிளைகளில் மட்டி பிடித்திருந்தது, வீட்டுச் சுவர்களில் ஏற்றம் தொடும் உயரம்வரை சிப்பிகள் ஒட்டியிருந்தன. வயல் இருந்த இடத்தில் மீன் பிடித்தார்கள்.

மனிதர்கள் நிலை இன்னும் சிக்கலானது. நாட்டின் வடமேற்கு 1945 மே 5 வரை ஆக்கிரமிப்பில் இருந்தது. அங்கே பசியால் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் 'நீங்கள் விடுதலையானவர்கள்' என்ற பேச்சு தீவுக்காரர்கள் காதில் விழும். வீட்டையும் வயலையும் பறித்தது நண்பன் கை என்பதால் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியாது. ஈடு கேட்பதற்கே கூச்சம் உண்டாக்குகிற நிலை அது. நிவாரணத் திட்டம் எழுதுபவர்கள் இதைச் சேதப் பட்டியலில் எங்கேயும் குறிப்பதில்லை. குறிக்க வேண்டும் என்றே சொல்வேன்.

முதல் முடிவு: அடுத்த குளிர்காலத்துக்கு முன் அடைப்பது

சண்டை ஓய்ந்த கையோடு அடைக்கத் தொடங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தூர்வாரும் கப்பல்கள், இழுவைப் படகுகள், பழகிய ஆட்கள் எல்லாம் வடக்கே, இன்னும் ஆக்கிரமிப்பில் இருந்த பகுதியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நிலக்கரியும் இல்லை. அதனால் முழுவேகத்தில் வேலை 1945 கோடையில்தான் தொடங்க முடிந்தது. இதற்கென்றே தனி அரசுப் பிரிவு அமைத்து, ஒரு நீர்ப்பணிப் பொறியாளரைத் தலைமையில் வைத்தார்கள்.

அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. நிதானமாகப் பொருள் சேர்த்து அடுத்த கோடையில் முறைப்படி அடைப்பது ஒன்று. கிடைத்ததைக் கொண்டு இந்தக் கோடைக்குள்ளேயே முயல்வது இன்னொன்று. முதலாவது பாதுகாப்பாகத் தெரிந்தாலும், இன்னொரு குளிர்காலப் புயல் வந்தால் ஓடைகள் அடைக்கவே முடியாத அளவு ஆழமாகிவிடும் என்று கணித்தார்கள். இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வழக்கமான டச்சு முறை: வில்லோ மர விளார்களைக் கட்டிப் பின்னி வீட்டு முற்றத்தைவிடப் பெரிய பாய்களாக்கி, உடைப்பின் தரைமேல் கொண்டுவந்து, மேலே கல்லைக் கொட்டி அமிழ்த்துவது. தரை அரிக்காமல் அந்தப் பாய் காக்கும். அதன்மேல் களிமண்ணைக் கொட்டி இரு பக்கமிருந்தும் வாயைக் குறுக்கிக்கொண்டே வருவார்கள். சிறு உடைப்புக்கு இது போதும். பெரிய உடைப்பில் வாய் குறுகக் குறுக நீரின் வேகம் கூடும், கொட்டிய களிமண்ணை அப்படியே வாரிக்கொண்டு போய்விடும். கடைசி இடைவெளியை ஒரே வீச்சில் மூடினால்தான் உண்டு.

அதற்கு என்ன செய்தார்கள் என்றால், நார்மண்டி தரையிறக்கத்தின்போது செயற்கைத் துறைமுகம் கட்டச் செய்து மிஞ்சிய கான்கிரீட் பெட்டகங்களைக் கேட்டு வாங்கினார்கள். அவற்றோடு பழைய கப்பல்கள், டார்பிடோ தடுக்கும் இரும்பு வலைகள். ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளையில் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். பெட்டகத்தை இழுவைப் படகுகளில் கட்டி அந்த நேரத்துக்கு முன்பே வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஓட்டம் நின்றதும் திருப்பி இடத்தில் வைத்து, அடைப்பான்களைத் திறந்து நீரை உள்ளே விட்டுத் தரையில் உட்கார வைப்பார்கள். சற்றுத் தாமதமானால் நீர் எதிர்த்திசையில் இழுக்க ஆரம்பித்துவிடும். உட்கார்ந்த பிறகும் நிம்மதி கிடையாது. பெட்டகத்தின் இரு முனைகளிலும் அடியிலும் நீர் தோண்டப் பார்க்கும். விடிய விடியக் கல்லும் களிமண்ணும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நொல்லெயில் முதலில் அடைத்தது நிற்கவில்லை, மறுபடி பிய்த்துக்கொண்டு போனது. அதற்கிடையே செப்டம்பர் 26 அன்று அரசு பழைய நாணயத்தாள்களைச் செல்லாததாக்கியது. புதுப் பணம் வரும்வரை ஒரு வாரத்துக்குத் தலைக்கு 10 கில்டர்தான். அந்த வாரமும் உடைப்பில் வேலை நடந்தது. அக்டோபரில் நொல்லெ, வெஸ்ட்கபெல்லெ, ஃபேரெ மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. ராமெக்கன்ஸ் மட்டும் பணியவில்லை. பலமுறை முயன்று, குளிர்காலத்துக்குள் சிக்கி, 1946 பிப்ரவரி தொடக்கத்தில்தான் அடைத்தார்கள்.

வெஸ்ட்கபெல்லெயின் அணைக்காரர்களுக்கும் இந்த வேலையில் பங்கு இருந்தது. கரையின் மண்ணும் ஓட்டமும் அவர்களுக்குக் கைப்பழக்கம். வெளியிலிருந்து வந்த பொறியாளர்களோடு ஊரார் அனுபவம் சேர்ந்த ஒரே கட்டம் இது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு: மண்ணை அவசரப்படுத்தாமல் இருப்பது

நீர் வடிந்ததும் குடும்பங்கள் திரும்பின. வீட்டில் முழங்கால் அளவு சேறு, வடிகால் வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன, மணற்கரையிலும் வயலிலும் கண்ணிவெடி. இருந்தாலும் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: எப்போது உழலாம்?

மண்ணைப் பார்த்தால் உழலாம் போலத்தான் இருந்தது. கடல்நீரில் ஊறிய களிமண், உப்பு நிறைய இருக்கும்வரை பொலபொலவென்றே இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கடல்நீரின் சோடியம் களிமண்ணில் ஒட்டியிருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். மழை பெய்து உப்பைக் கழுவும்போது, சோடியம் ஏறிய களிமண் கரைந்து குழம்பாகிவிடும். மேலே தண்ணீர் தேங்கும், கீழே இறங்காது. காலை வைத்தால் சோப்பாக வழுக்கும். காய்ந்தால் ஓடு கட்டி வெடிக்கும், முளை மேலே வர முடியாது. அதாவது உவர் நிலம் உப்புக் குறைந்த பிறகு களர் நிலமாகிறது. நிலம் தேறிக்கொண்டிருக்கிறது என்று விவசாயி நம்புகிற நேரத்தில்தான் அது கெடுகிறது.

ஆகவே வேளாண் அலுவலர்கள் சொன்ன முறை பொறுமையைக் கேட்பதாக இருந்தது. முதலில் வடிகால்களைத் தோண்டித் திறக்க வேண்டும். நீர் இறங்க வழியில்லாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். அப்புறம் ஜிப்சம், ஹெக்டேருக்குச் சில டன். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், மழை அதை வடிகாலில் கொண்டுபோய்விடும். அந்த மண்ணில் இயற்கையாகவே சுண்ணாம்பு உண்டு, அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் மிக மெதுவாகக் கரைவதால் காத்திருக்க வேண்டிய ஆண்டுகள் கூடும். ஈரத்தில் உழவே கூடாது, மாட்டை மேயவிடக் கூடாது, கனமான வண்டியை இறக்கக் கூடாது. முதல் பயிராக உப்பைத் தாங்கும் பார்லி. உருளைக்கிழங்கும் பட்டாணியும் பின்னால்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வயல்களில் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் போட்டு உப்பை வடித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே கடல் ஒரே நாள் வந்துபோனது. வால்கெரனில் சில வயல்கள் 16 மாதம் கடலின் அடியில் கிடந்தன.

சொன்ன முறை சரியானது. அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொந்த நிலம் கண்முன் கிடக்கிறது, நாட்டில் உணவுப் பங்கீடு நடக்கிறது, வருமானம் இல்லாமல் ஒன்றரை ஆண்டு போய்விட்டது. அப்படிப்பட்டவரிடம் 'இப்போது தொடாதே' என்று சொல்வதற்கு அறிவியல் மட்டும் போதாது. அந்தக் காலத்துக்கு அவர் சாப்பிட ஏதாவது ஏற்பாடு வேண்டும். அணை, வடிகால் வேலைகளில் கிடைத்த கூலி சில குடும்பங்களை நிறுத்தியது. போர்ச்சேதத்துக்கு ஈடு தரும் முழுமையான சட்டம் 1950இல்தான் வந்தது. பசி அவ்வளவு நாள் காத்திருக்காது.

மூன்றாவது முடிவு: நிலத்தை மறுபடி வகுப்பது

வேலிகள் செத்து, வரப்புகள் சேற்றில் மறைந்து, தீவு வெற்றுத் தாளாகக் கிடந்தது. வெள்ளத்துக்கு முன்பே வயல்கள் மிகச் சிறு துண்டுகளாகச் சிதறியிருந்தன; ஒரு விவசாயிக்கு நான்கைந்து திசைகளில் நிலம் இருக்கும். இப்போதே ஒன்றுசேர்த்துவிடலாம் என்று அரசு முடிவெடுத்தது. சாதாரண நிலச்சீரமைப்புக்கு உரிமையாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வால்கெரனுக்கு 1947இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, வாக்கெடுப்பு இல்லாமலே செய்தார்கள். புதுச் சாலைகள், பெரிய வயல்கள், புதிய பண்ணை வீடுகள் வந்தன. இடம் போதாதவர்களில் ஒரு பகுதியினருக்கு, கடலிலிருந்து புதிதாக மீட்ட வடகிழக்குப் போல்டரில் குத்தகைப் பண்ணை கிடைத்தது. மரங்களையும் வேலிகளையும் ஒரு நிலத்தோற்றத் திட்டப்படி நட்டார்கள். மறுபடி பசுமை வந்தாலும் பழைய தோட்டத்தீவின் அமைப்பு திரும்பவில்லை.

விவசாயக் கணக்கில் இது பலன் தந்தது, மறுக்க முடியாது. ஆனால் வீடும் மரமும் ஏற்கனவே போய்விட்ட மக்களிடமிருந்து வரப்பையும் எடுத்தார்கள், அதுவும் கேட்காமல். வடகிழக்குக்குப் போனவர்களுக்கு நல்ல பண்ணை கிடைத்தது. உறவும் ஊரும் ஸீலாந்தில் நின்றுவிட்டன.

பின்விளைவு: 1953

1953 ஜனவரி 31 இரவு வடகடல் புயல் தென்மேற்கு நெதர்லாந்தின் அணைகளை உடைத்தது. 1,836 பேர் இறந்தார்கள். அடைக்கும் வேலைக்கு வந்தவர்கள் வால்கெரனில் கற்றதைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஊவெர்கெர்க் என்ற இடத்தின் கடைசி உடைப்பை அதே ஆண்டு நவம்பரில் மூடியவை, அதே வகைக் கான்கிரீட் பெட்டகங்கள் நான்கு. அவை இன்றும் அங்கேயே நிற்கின்றன; இப்போது வெள்ள அருங்காட்சியகம். உப்பேறிய நிலத்துக்கு ஜிப்சம் எப்போது, எவ்வளவு என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது. இந்த முறை விவசாயிகள் தட்டுத்தடுமாற வேண்டியிருக்கவில்லை.

எதை மாற்ற வேண்டும்

எச்சரிக்கையைத்தான் முதலில் சொல்வேன். இடமும் வழியும் சொல்லாத எச்சரிக்கையால் யாரும் தப்பிக்க முடியாது. போர் ரகசியம் காரணம் என்பார்கள். அணையை ஒட்டிய ஒரே ஒரு ஊரைக் குறித்தாவது வேறு ஏதாவது ஏற்பாடு யோசிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அடைக்கும் பொருளை உடைப்பதற்கு முன்பே தயார் செய்திருக்கலாம். அணையை உடைக்க முடிவெடுத்தவர்களுக்கு அது தினமும் பெரிதாகும் என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெற்கில் விடுதலையான துறைமுகங்களில் கிடைத்த படகுகளையும் மிஞ்சிய பெட்டகங்களையும் 1944 நவம்பரிலேயே கேட்டிருந்தால், ராமெக்கன்ஸ் ஓடை அவ்வளவு ஆழம் போயிருக்காது. மற்ற முனைகளில் போர் நடந்துகொண்டிருந்ததால் கேட்டாலும் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

உழாமல் காத்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தக் குடும்பத்துக்குப் பணமோ உணவோ சேர்த்தே தர வேண்டும். ஜிப்சம் மூட்டையோடு அதுவும் வர வேண்டும், ஐந்தாறு வருடம் கழித்து வரும் ஈட்டுத்தொகை மண்ணைக் காப்பாற்றாது.

நிலத்தை மறுபடி வகுப்பதாக இருந்தால், மக்கள் திரும்பி வந்து குறைந்தது ஒரு அறுவடை கண்ட பிறகு கேட்க வேண்டும். உரிமையாளர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. குத்தகைக்காரரையும், அந்த வயலில் கூலிக்குப் போனவரையும், பால் கறந்து வீட்டை நடத்திய பெண்களையும் உட்கார வைத்து, பழைய வேலிகளில் எவை வேண்டும், எந்த மரம் எங்கே நின்றது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு கோடு போடத் தொடங்க வேண்டும்.